கரியமில வாயுவைப் பிடித்துப் புதைப்பது: செலவு எவ்வளவு, கொடுப்பது யார்?

புவி வெப்பமாவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "புகையைப் பிடித்து மண்ணுக்குள் அனுப்பிவிட்டால் போச்சே" என்று ஒருவராவது சொல்வார். அனுப்பலாம்தான். ஆனால் அதற்கு ஆகும் பணத்தை யார் தருவது என்ற இடத்தில்தான் இந்த யோசனை முப்பது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இங்கே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்தப் பணக் கணக்கைப் பற்றியவை.

முதலில், இதில் என்னதான் செய்கிறார்கள்?

அனல் மின் நிலையம், சிமென்ட் ஆலை, இரும்பாலை போன்றவற்றின் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். புகையை ஒரு உயரமான கோபுரத்துக்குள் விட்டு, மேலிருந்து அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த கரைசலைத் தெளிப்பார்கள். கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரைசலை இன்னொரு கோபுரத்தில் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் வாயு தனியாகப் பிரிந்து வரும். கரைசல் மறுபடி முதல் கோபுரத்துக்குப் போகும். பிரிந்த வாயுவை அழுத்திக் குழாயிலோ கப்பலிலோ கொண்டுபோய், பொதுவாக 800 மீட்டருக்கும் கீழே இருக்கும் நுண்துளைப் பாறைக்குள் செலுத்துவார்கள். மேலே கெட்டியான பாறை மூடி போல இருக்க வேண்டும்.

இதில் அதிகம் தின்பது அந்தச் சூடாக்கும் வேலை. செலவைப் பற்றிப் பின்னால் வரும் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்த வெப்பத்தோடு தொடர்புள்ளவை.

இது நிஜமாகவே வேலை செய்கிறதா, இல்லை வெறும் அறிவிப்பா?

வேலை செய்கிறது. வடகடலில் நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் செய்துவருகிறார்கள். அங்கே கிடைக்கும் எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு கலந்திருக்கிறது. விற்பனைக்கு அது 2.5 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஆக, பிரித்தே தீர வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டிருக்கலாம். ஆனால் 1991இல் நார்வே அரசு கடல் எண்ணெய், எரிவாயுத் துறையின் கரியமில வாயுவுக்கு வரி போட்டிருந்தது. டன்னுக்குச் சுமார் 50 டாலர். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வெளிவிட்டால் 5 கோடி டாலர் வரி. கடலடியில் இருந்த உப்புநீர்ப் பாறைக்குள் செலுத்துவது அதைவிட மலிவாக வந்தது. செலுத்தினார்கள்.

இந்தத் துறையைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு உதாரணம்தான் அனுமதி என்றால் ஸ்லைப்னரைத்தான் எடுப்பேன். பிரிக்கும் வேலை எப்படியும் நடக்க வேண்டியிருந்தது, புதைக்கும் இடம் காலடியிலேயே இருந்தது, புதைக்காவிட்டால் வரி. இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த இடங்கள் உலகில் மிகக் குறைவு.

அப்படியானால் ஏன் மற்ற இடங்களில் பரவவில்லை?

புதைத்த வாயுவை யாரும் விலைக்கு வாங்குவதில்லை என்பதால். பாதாளச் சாக்கடை மாதிரிதான் இது. ஊருக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் அதிலிருந்து லாபம் வராது. வரிப் பணத்திலோ கட்டணத்திலோதான் நடத்த வேண்டும். காற்றில் விடுவது இலவசமாக இருக்கும்வரை, டன்னுக்கு 60 டாலர் செலவழித்துப் புதைக்க எந்த நிறுவனமும் தானாக முன்வராது. முன்வந்தால் பக்கத்து ஆலையின் சரக்கு அதைவிட மலிவாக விற்கும்.

உலகம் எரிபொருளாலும் தொழிற்சாலைகளாலும் ஆண்டுக்கு விடும் கரியமில வாயு சுமார் 3,700 கோடி டன். இன்று இயங்கும் பிடிப்பு ஆலைகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 5 கோடி டன். அதிலும் பெரும்பகுதி எரிவாயுச் சுத்திகரிப்பு ஆலைகளில், அதாவது எப்படியும் பிரித்தாக வேண்டிய இடங்களில்.

ஒரு டன்னைப் பிடிக்க எவ்வளவு ஆகும்?

புகையில் கரியமில வாயு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எத்தனால் ஆலையின் நொதிப்புத் தொட்டியிலிருந்து கிட்டத்தட்ட சுத்தமாகவே வருகிறது. அங்கே 15 முதல் 25 டாலருக்குள் முடிந்துவிடும். நிலக்கரிப் புகையில் 12 முதல் 15 சதவீதம்; எரிவாயு டர்பைன் புகையில் 3, 4 சதவீதம்தான். மின் நிலையம், சிமென்ட் எல்லாம் 40 முதல் 120 டாலர் வரை போகும். சாதாரணக் காற்றில் 0.04 சதவீதம். அங்கே கணக்கு நூறுகளில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தொடுகிறது.

இது பிடிக்கும் செலவு மட்டும். கொண்டுபோவது, புதைப்பது, பல பத்தாண்டுகள் கண்காணிப்பது எல்லாம் தனி. புதைக்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதா, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதா என்பதே ஒரு திட்டத்தை வாழவைக்கும், இல்லை முடித்துவிடும்.

விளம்பரங்களில் "இத்தனை டன் பிடித்தோம்" என்கிறார்களே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பிடித்த டன் வேறு, உண்மையில் குறைந்த டன் வேறு. ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பிடிப்புக் கருவி அந்த நிலையத்தின் ஆற்றலில் கால் பங்கைச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம் (நடைமுறையில் 20 முதல் 30 சதவீதம்). இப்போது அதே ஒரு யூனிட்டை வெளியே கொடுக்க மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நிலக்கரி எரிக்க வேண்டும். உண்டாகும் வாயு 1.33 கிலோ. 90 சதவீதம் பிடித்தால் 1.2 கிலோ சிக்கும், 0.13 கிலோ தப்பும். முன்பு ஒரு கிலோ போனது, இப்போது 0.13 கிலோ போகிறது. ஆக, உண்மையான குறைப்பு 0.87 கிலோ. நிறுவனம் 1.2 கிலோ பிடித்ததாக அறிக்கை கொடுக்கும், அதில் பொய்யும் இல்லை. ஆனால் வானத்துக்குக் கிடைத்த நன்மை 0.87தான். டன்னுக்கு இவ்வளவு டாலர் என்று யாராவது சொன்னால், எந்த டன்னுக்கு என்று கேட்டுவிட வேண்டும். கூடுதலாக எரிக்கும் நிலக்கரியின் சாம்பலும், சுரங்கமும், தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

நம் ஊர் அனல் மின் நிலையத்தில் வைத்தால் யூனிட்டுக்கு எவ்வளவு கூடும்?

உண்மையில் குறைந்த ஒரு டன்னுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 5,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். அது 60 டாலர் வாக்கில், தாராளமாகக் குறைத்துப் போட்ட தொகை. யூனிட்டுக்கு 0.87 கிலோ குறைகிறது என்றால் கூடுதல் செலவு 4 ரூபாய் 35 காசு. 1,000 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு 600 கோடி யூனிட் தந்தால், ஒரு நிலையத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 2,600 கோடி ரூபாய்.

இந்தியாவில் புதிய சூரிய மின்சாரம் ஏலத்தில் யூனிட் இரண்டரை ரூபாய் அளவில் போகிறது. 2020 டிசம்பரில் குஜராத்தில் ரூ. 1.99 வரைகூட இறங்கியது. இரண்டு மணி நேர பேட்டரியோடு சேர்த்தே மூன்றரை ரூபாய் வாக்கில் ஒப்பந்தமாகியிருக்கிறது. அதாவது நிலக்கரி மின்சாரத்தைச் சுத்தப்படுத்த ஆகும் கூடுதல் செலவைவிடக் குறைவாகவே, முழுதாகப் புதிய மின்சாரமே வாங்கிவிடலாம். இரவு முழுக்கத் தாங்கும் அளவு பேட்டரி போட்டால் விலை கூடும், உண்மை. ஆனாலும் நிலக்கரி நிலையங்களில் இதைப் பொருத்தும் யோசனைக்கு எதிராக எனக்குத் தெரிந்த மிக வலுவான வாதம் இந்த ஒப்பீடுதான்.

நிலக்கரியில் செய்து பார்த்தவர்களுக்கு என்ன ஆனது?

மூன்று கதைகள் உண்டு. மூன்றும் தெரிந்திருக்க வேண்டியவை.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பவுண்டரி டாம் நிலையத்தின் 3ஆம் அலகு. 2014 அக்டோபரில் தொடங்கியது. அலகைப் புதுப்பித்ததும் பிடிப்பு ஆலையும் சேர்த்துச் சுமார் 150 கோடி கனடிய டாலர். அதன்பின் வெளியே கிடைக்கும் மின்சாரம் வெறும் 110 மெகாவாட் வாக்கில். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் பிடிப்பது இலக்கு. கருவிப் பழுதுகளால் இலக்குக்குக் கீழேயே பல ஆண்டுகள் ஓடியது. 2018இல் அதே நிலையத்தின் 4, 5ஆம் அலகுகளுக்கும் பொருத்தலாமா என்ற கேள்வி வந்தபோது, நடத்தும் நிறுவனமே வேண்டாம் என்று முடிவு செய்தது. எரிவாயு மலிவாகக் கிடைத்ததே முக்கியக் காரணம்.

அடுத்தது டெக்சாஸில், ஹூஸ்டன் அருகே உள்ள பெட்ரா நோவா. சுமார் 100 கோடி டாலர், அதில் 19 கோடி அமெரிக்க எரிசக்தித் துறையின் மானியம். 2017 தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்தது. கட்டுமானம் சொன்ன தேதியில், சொன்ன செலவில் முடிந்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். பிடிப்பு ஆலைக்கு வேண்டிய ஆவியும் மின்சாரமும் தரத் தனியாக ஒரு எரிவாயு நிலையமே கட்டினார்கள். அந்த நிலையத்தின் புகை பிடிக்கப்படவில்லை. பிடித்த வாயு, மிச்ச எண்ணெயை வெளியே தள்ள ஒரு பழைய எண்ணெய் வயலுக்குப் போனது. 2020இல் கச்சா எண்ணெய் விலை சரிந்ததும் மே மாதம் ஆலையை நிறுத்திவிட்டார்கள். ஒரு பங்குதாரர் தன்னிடம் இருந்த 50 சதவீதப் பங்கை 2022இல் 36 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு விலகினார். வாங்கிய ஜப்பானிய நிறுவனம் 2023 செப்டம்பரில் மறுபடி ஓட்டத் தொடங்கியது. ஒரு காலநிலைத் திட்டம் ஓடுவதா நிற்பதா என்பதைக் கச்சா எண்ணெய் சந்தை தீர்மானித்தது என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துவது.

மிசிசிப்பியின் கெம்பர் இன்னும் மோசம். நிலக்கரியை வாயுவாக்கிப் பிடிக்கும் திட்டம். செலவு ஏறி ஏறி 750 கோடி டாலரானது. 2017இல் நிலக்கரிப் பகுதியைக் கைவிட்டு வெறும் எரிவாயுவில் ஓட்டினார்கள். 2021இல் வாயுவாக்கும் கட்டமைப்பை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

எண்ணெய் எடுக்கப் பயன்படுத்துவதால் என்ன தப்பு? வருமானம் வருகிறதே?

வருகிறது. வற்றும் கிணற்றில் கரியமில வாயுவைச் செலுத்தினால் பாறையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் இளகி வரும். ஒரு டன் வாயுவுக்கு இரண்டு மூன்று பீப்பாய் என்பது பொதுவான அளவு. ஒரு பீப்பாயை எரித்தால் 0.43 டன் வெளியாகும். இரண்டு மூன்று பீப்பாய்க்கு 0.9 முதல் 1.3 டன். புதைத்தது ஒரு டன். இந்த எண்ணெய் வராவிட்டால் வேறு எண்ணெயை எரித்திருப்பார்கள் என்ற வாதம் உண்டு, அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் பொதுப் பணத்தைக் கொடுத்து வாங்க வேண்டிய நன்மையாக இது எனக்குத் தோன்றவில்லை.

தூத்துக்குடியில் மானியமே இல்லாமல் செய்தார்களாமே?

செய்தார்கள். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016இல் தொடங்கினார்கள். நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடித்து சோடா ஆஷ் தயாரிக்கும் திட்டம். காரக்பூர் ஐஐடியில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைசல். டன்னுக்கு 30 டாலர்தான் ஆகும் என்று அந்த நிறுவனம் சொன்னது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின, எழுதவும் தகுந்ததுதான்.

ஆனால் அது ஏன் நடந்தது என்று பார்க்க வேண்டும். சோடா ஆஷ் செய்யக் கரியமில வாயு ஒரு மூலப்பொருள். ஆலைக்கு எப்படியும் வேண்டிய சரக்கு தன் புகைபோக்கியிலேயே மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த அளவு தேவை உள்ள தொழில்கள் கொஞ்சம்தான். இன்னொன்றும் இருக்கிறது: சோடா ஆஷின் பெரும் வாடிக்கையாளர் கண்ணாடித் தொழில். மணலோடு சேர்த்து உருக்கும்போது சோடா ஆஷில் இருக்கும் கரியமில வாயு மறுபடி காற்றுக்கே போய்விடும். பொருளாக மாற்றுவது வேறு, நிரந்தரமாகப் பூட்டுவது வேறு. குளிர்பானம், யூரியா, மெத்தனால் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அப்போ இது எங்கேதான் பொருந்தும்?

சிமென்டில். தயக்கமில்லாமல் சொல்வேன்.

சிமென்ட் ஆலையின் உமிழ்வில் ஏறத்தாழ 60 சதவீதம் எரிபொருளால் வருவதே இல்லை, சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருகிறது. கல்லைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு ஒரு பக்கம், கரியமில வாயு ஒரு பக்கம். சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பகுதி குறையாது. சாம்பலும் கசடும் கலந்து கிளிங்கரின் (சூளையில் சுட்டு எடுக்கும் சிமென்டின் மூலக் கட்டி) அளவைக் குறைக்கலாம், நம் ஆலைகள் அதை நன்றாகவே செய்கின்றன. அதற்கும் ஒரு எல்லை உண்டு.

நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலையில் 2025 ஜூனில் இதைத் திறந்தார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன், ஆலையின் உமிழ்வில் பாதி. ஏன் பாதி? சூளையில் வீணாகும் வெப்பத்தை வைத்தே கரைசலைச் சூடாக்குகிறார்கள்; அந்த வெப்பம் பாதிக்குத்தான் போதும். அதற்கு மேல் வேண்டுமானால் புதிதாக எரிபொருள் எரிக்க வேண்டும். பிடித்ததைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் நார்வேயின் மேற்குக் கடற்கரைக்கு அனுப்பி, அங்கிருந்து 100 கிலோமீட்டர் குழாயில் கடலுக்குள் கொண்டுபோய், கடலடியில் 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகிறார்கள். 2025 ஆகஸ்டில் முதல் வாயு உள்ளே போனது. இந்தச் சங்கிலி மொத்தத்துக்கும் ஆகும் செலவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நார்வே அரசின் பணம்.

சிமென்ட் விலை எகிறிவிடாதா?

எகிறும். ஒரு டன் சிமென்டுக்கு 0.6 டன் கரியமில வாயு, பிடித்துப் புதைக்க டன்னுக்கு 100 டாலர் (8,500 ரூபாய்) என்று போட்டால், 50 கிலோ மூட்டைக்கு 255 ரூபாய் கூடும். 350 ரூபாய் மூட்டை 600 ரூபாயைத் தாண்டும். பயமாக இருக்கிறதா? வீடு கட்டுபவர் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை என்பது மேஸ்திரிகள் சொல்லும் கணக்கு. கூடுதல் செலவு ஒரு லட்சம் ரூபாய். வீட்டின் மொத்தக் கட்டுமானச் செலவு 22 முதல் 25 லட்சம். நாலு, நாலரை சதவீதம்தான்.

ஆலைக்குத் தாங்க முடியாத செலவு, கடைசியில் வாங்குபவருக்கு வரும்போது இவ்வளவு சின்னதாகிவிடுகிறது. ஒரு ஆலை மட்டும் செய்தால் அது மூழ்கும். எல்லா ஆலைக்கும் ஒரே விதி என்றால் யாரும் மூழ்கமாட்டார்கள். அரசாங்கங்கள் முதலில் பாலங்களுக்கும் மேம்பாலங்களுக்கும் இந்த சிமென்டை வாங்கித் தொடங்கிவைக்கலாம்.

காற்றிலிருந்தே நேரடியாக உறிஞ்சுவது?

ஒரு டன் பிடிக்கக் குறைந்தது 13 லட்சம் கன மீட்டர் காற்றை வடிகட்ட வேண்டும். ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஓர்கா ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு 4,000 டன், 2024இல் வந்த மாமத் 36,000 டன். புவிவெப்ப ஆற்றலும், வாயுவைக் கல்லாக்கும் எரிமலைப் பாறையும் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே முடிகிறது. ஆராய்ச்சிக்குப் பணம் போடலாம். இதை நம்பி இன்றைய உமிழ்வைத் தள்ளிப்போடக் கூடாது.

சூரியத் தகடு மலிவானது போல இதுவும் மலிவாகிவிடாதா?

கொஞ்சம் குறையும், அந்த வேகத்தில் குறையாது. சூரியத் தகடு தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் அச்சடித்தாற்போல வரும் பொருள். பிடிப்பு ஆலை ஒவ்வொன்றும் அந்தந்தப் புகைக்கும் இடத்துக்கும் தக்கபடி புதிதாக வடிவமைத்துக் கட்ட வேண்டிய ரசாயன ஆலை. தவிர, கலந்துபோன வாயுவைப் பிரிக்க இயற்பியல் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றலுக்குக் கீழே எந்தக் கண்டுபிடிப்பும் போக முடியாது.

புதைத்தது வெளியே வந்துவிட்டால்?

சரியான பாறையைத் தேர்ந்தெடுத்தால் கசிவு அபாயம் மிகக் குறைவு. ஸ்லைப்னரில் நிலநடுக்க அலைகள் போன்ற அலைகளை அனுப்பிப் படமெடுத்து, வாயு எங்கே பரவியிருக்கிறது என்று பார்த்துவருகிறார்கள். நான் அதிகம் கவலைப்படுவது குழாய்களைப் பற்றி. 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சடார்ஷியா அருகே ஒரு குழாய் வெடித்தது. காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான இடங்களில் தேங்கியது. கார் இன்ஜின்கள் அணைந்தன, 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். மக்கள் நெருக்கமான இடத்தில் குழாய் போடும்போது காப்பீடும் எச்சரிக்கை ஏற்பாடும் செலவுக் கணக்கிலேயே இருக்க வேண்டும்.

வரி போடுவதா, மானியம் தருவதா?

நார்வே வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் உமிழ்வு அனுமதிச் சந்தை (வாயுவை வெளிவிடும் அனுமதியை ஆலைகள் டன் கணக்கில் வாங்கி விற்கும் சந்தை) நடத்துகிறது. 2023 பிப்ரவரியில் அங்கே ஒரு டன் 100 யூரோவைத் தொட்டு, பிறகு இறங்கியது. அமெரிக்கா வரிச்சலுகை தருகிறது. 2022 சட்டப்படி புதைத்தால் டன்னுக்கு 85 டாலர், எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தினால் 60, காற்றிலிருந்து எடுத்துப் புதைத்தால் 180. 2025இல் எண்ணெய்க்கும் 85 என்று சமப்படுத்திவிட்டார்கள்.

வரி போட்டால் நிறுவனம் தனக்கு எது மலிவோ அதைச் செய்யும்: புதைக்கும், இல்லை நிலக்கரியை விடும், இல்லை சூரிய மின்சாரத்துக்கு மாறும். பிடிப்புக்கு மட்டும் மானியம் கொடுத்தால், பிடிப்பதற்கென்றே புகையை உண்டாக்கிக்கொண்டிருப்பதும் லாபமாகலாம். நான் வரியின் பக்கம். முதல் சில ஆலைகளுக்கும், பலர் பகிரும் குழாய், துறைமுகம் போன்றவற்றுக்கும் பொதுப் பணம் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்தியாவில் உமிழ்வுக்கு விலை இருக்கிறதா?

இப்போதுதான் வருகிறது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் வந்து, 2016இல் 400 ரூபாயானது. கரியமில வாயுக் கணக்கில் டன்னுக்கு மூன்று டாலர் வாக்கில். அதற்காக யாரும் எதையும் புதைக்கமாட்டார்கள். 2025 செப்டம்பரில் அந்த செஸ்ஸும் நீங்கி, நிலக்கரிக்கு ஜிஎஸ்டி 5இலிருந்து 18 சதவீதமானது. 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வர்த்தகத் திட்டம், ஒரு டன் சரக்குக்கு இவ்வளவுதான் உமிழலாம் என்று ஆலைகளுக்கு இலக்கு வைக்கிறது. சிமென்ட், அலுமினியம் எல்லாம் உண்டு. மின் நிலையங்கள் தொடக்கப் பட்டியலில் இல்லை. இன்னொரு பக்கம், 2026 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்குப் போகும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரத்துக்கு எல்லையில் கார்பன் கட்டணம். நாம் இங்கே வசூலிக்காத தொகையை அவர்கள் அங்கே வசூலிப்பார்கள் என்று ஆகிவிட்டது.

பொதுப் பணத்தை எங்கே போட வேண்டும் என்பீர்கள்?

முதல் செலவு பாறைக்கு. எங்கே, எவ்வளவு புதைக்க முடியும் என்று துளையிட்டுப் பார்க்காமல் மற்ற எதுவும் நகராது. தக்காணத்தின் எரிமலைப் பாறை வாயுவைக் கல்லாக்கும் வகையைச் சேர்ந்தது. கடலோரப் படிவுகளும் உண்டு. தாளில் உள்ள மதிப்பீட்டை நம்பி யாரும் ஆயிரம் கோடி போடமாட்டார்கள். அடுத்தது, சிமென்ட் ஆலைகள் நெருக்கமாக இருக்கும் ஏதாவது ஒரு பகுதியில் எல்லாரும் பகிரும் ஒரே குழாய்.

நிலக்கரி மின் நிலையங்களுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். புதிதாக ஒன்று கட்ட அனுமதி கேட்டு, "பிடிப்புக் கருவியைப் பிறகு பொருத்திக்கொள்கிறோம்" என்று வருபவர்களிடம், பொருத்தும் செலவையும் அதனால் கூடப்போகும் கட்டணத்தையும் முதல் மனுவிலேயே யூனிட் கணக்கில் எழுதித் தரச் சொல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கேட்க வேண்டும்.